இரண்டு மேடைக்கு ஒரு கால்

தன் வலது கால் எப்படிப் போனது என்பதை ராஜாமணி இருபத்தைந்து வயதில் ஒலிபெருக்கி வழியாகத் தெரிந்துகொண்டாள்.

அப்போது அவள் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, திண்டிவனத்து வக்கீல் ஒருவருக்காகப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரம். ஏரிக்கரை மைதானத்தில் தேர்தல் கூட்டம். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய்களில் ஒன்று அவர்கள் வீட்டைப் பார்த்தே இருந்ததால், பேசுகிறவர்களின் இருமல்கூடக் கூடத்துக்குள் வந்து விழுந்தது. பேசிக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பா தாண்டவராயன். ஒன்றியத் தலைவர் பதவிக்கு நிற்கிறார். அவருடைய மேடைப் பேச்சில் இரண்டு தமிழ் உண்டு. கைதட்டல் வேண்டிய இடத்தில் செந்தமிழ், கண்ணீர் வேண்டிய இடத்தில் வீட்டுத் தமிழ். "தாய்மார்களே, ஒரு மனிதனின் உடல் மீது அரசாங்கத்துக்கு என்ன உரிமை?" என்று கேட்டுக் கைதட்டலை வாங்கி முடித்தவர், சற்று நிறுத்தி, மூக்கை உறிஞ்சிவிட்டு, வீட்டுத் தமிழுக்கு இறங்கினார். ராஜாமணி விசைகளிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

"என் வூட்டுக்கு வந்து பாருங்க. எனக்கு ஒரு மவ இருக்கறா. ரெண்டு வயசுல துள்ளிக்கினு ஓடின புள்ள. காச்சல்னு விழுப்புரத்துக்குத் தூக்கினு போனேன். ஒரு ஊசி போட்டான். அந்த ஊசியில போச்சுய்யா அவ காலு. ஊசி போடறதும் போடாததும் அவங்கவங்க இஷ்டம். இதுல கட்டாயம் பண்ண நீ யாரு? பெத்த வயிறு எரியுதுய்யா, நான் கேக்கறேன்."

கூட்டம் கை தட்டியது. ராஜாமணி எழுந்து, வலது கையால் தொடையை அழுத்திப் பிடித்து, அவள் எப்போதும் நடக்கிற விதமாக ஒவ்வோர் அடிக்கும் உடம்பைச் சாய்த்து நிமிர்ந்து சமையலறைக்குப் போனாள். அம்மா அம்சா கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள் என்பது துடுப்பு ஓடிய வேகத்திலேயே தெரிந்தது.

"நெசமாம்மா?"

அம்சா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "காச்சலு விட்டு எழுந்த புள்ள, காலையில நிக்க வெச்சா துணி மாதிரி மடிஞ்சி வுழுந்த. காலு தொங்கிப் போச்சுன்னுதான் விழுப்புரத்துக்கே போனோம். ஊசி அப்பால போட்டது. அந்த ஆசுபத்திரி வராண்டாவுல உக்காந்துக்கினு உங்க நைனாவும்தான் அழுதாரு. அவருக்குத் தெரியாதா இன்னா?"

தெரியாமல் சொல்லியிருந்தால் ஒரு முட்டாளின் மகளாக இருந்துவிட்டுப் போகலாம், அதில் பெரிய கௌரவக் குறைச்சல் இல்லை என்று ராஜாமணி நினைத்தாள்.

வீட்டுக்கு வந்த தாண்டவராயன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மேடையிலிருந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்கு அவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை இருக்கும். மகள் கேட்டதும் களியை உருட்டியபடியே, "உன் பேரையா சொன்னேன்?" என்றார். "கூட்டம்னா நாலு வார்த்தை அப்படி இப்படித்தான் இருக்கும். அந்த சீனுவாசன் விழுப்புரத்துல இன்னா பேசினான்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்கு மட்டுமல்ல, ஒன்றியம் முழுவதற்கும் தெரியும். எதிர்த்து நின்ற சீனுவாசன், விழுப்புரம் கூட்டத்தில், குழந்தைக்குத் தடுப்பூசி போடாத குடும்பத்துக்கு ரேஷன் அரிசியை நிறுத்த வேண்டும் என்று முழங்கியிருந்தார். குழந்தைகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது. மேடையில் உட்கார்ந்திருந்த பெரிய தலைவரின் காதில் தன் குரல் விழ வேண்டும் என்பதே அவர் கவலை. அந்த வருஷம்தான் ஊருக்கு ஊர் முத்தடுப்பு ஊசி, சொட்டு மருந்து என்று நர்சுகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்ட இடம் பழுத்துச் சீழ் கட்டியது. ஜனங்கள் பயந்தார்கள். பயப்பட அவர்களுக்குக் காரணமும் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் கருத்தடை முகாமுக்கு ஆள் பிடித்த நாட்களை யாரும் மறக்கவில்லை. கல்யாணமாகாதவனைக்கூட வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று இன்னும் பேச்சு உண்டு. அப்போது ஆள் பிடித்துக் கொடுத்து அதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கியவர்களில் தாண்டவராயனும் ஒருவர். இப்போது அதே ஜனங்களிடம் வந்து, உங்கள் உடம்பு உங்கள் இஷ்டம் என்கிறார். அவர்களும் தலையாட்டுகிறார்கள். ராஜாமணிக்கு இதில் யாரைப் பார்த்து அதிகம் காறித் துப்புவது என்று தெரியவில்லை.

டீக்கடைகளில் ஒரு மாதம் இதே பேச்சு. கட்டாயம் சரியா, இஷ்டம் சரியா என்று பெஞ்சுக்கு இரண்டு கட்சி. தலைவர்கள் சொன்னதை ஒருவர் வாய் மாற்றி ஒருவர் வாய் மென்றார்கள். பிள்ளை பெற்றவள் ஒருத்தியையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சொட்டு மருந்துக்கு ஊசியே கிடையாது, வாயில் விடுவது என்பதைக்கூட அந்த பெஞ்சுகளில் யாரும் சொல்லவில்லை. தாண்டவராயன் தன் துண்டுப் பிரசுரத்துக்கான வாசகத்தை ஒரு காலையில் மகளிடம் கொடுத்து, அச்சகத்துக்கு அனுப்பத் தட்டச்சு செய்து தரச் சொன்னார். 'தனிமணித உரிமை' என்று எழுதியிருந்தார். ராஜாமணி மூன்று சுழி 'ண'வை இரண்டு சுழி 'ன' ஆக்கி அடித்துக் கொடுத்தாள். வேறு எதையும் திருத்தவில்லை.

பிரசுரம் ஊருக்குள் வந்த மறுநாள் கீழத்தெரு பொன்னி தேடிக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி சந்தைக்குக் காய் ஏற்றிப்போகும் மாட்டுவண்டி அவள் புருஷன் பெரியதம்பியுடையது. அவன் தாண்டவராயனின் கட்சிக்காரன், சுவரெழுத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பவன். பொன்னி இடுப்பில் வைத்திருந்த பெண் குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. பொன்னி வாசப்படியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் ராஜாமணியின் காலைப் பார்த்துக் கேட்டாள்.

"ஊசியாலதான் போச்சாமே அக்கா?"

"இல்ல. காச்சல்ல போச்சு. இளம்பிள்ளை வாதம். அப்ப இதுக்கு நம்ம பக்கம் மருந்து வரல. இப்ப வந்திருக்குது. சொட்டு. வாயில வுடறது."

"உங்கப்பாவே மேடையில சொன்னாரே."

"பொய்யி."

பொன்னி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற தகப்பனைப் பொய்யன் என்று சொல்கிற பெண்ணை நம்புவதா, அத்தனை பேர் முன்னால் அழுத தகப்பனை நம்புவதா என்று அந்த முகத்தில் ஓடியது ராஜாமணிக்குத் தெரிந்தது. அவள் சேலைக் கரையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். அம்மாவையும் குளியலறைச் சுவரையும் தவிர வேறு யாரும் பார்த்திராத கால் அது. முழங்காலுக்குக் கீழே சதையே இல்லாமல், மூங்கில் கழி மேல் தோலைப் போர்த்தியது போல இருந்தது. பாதம் குழந்தைப் பாதம்போலச் சிறுத்து உள்பக்கம் வளைந்திருந்தது. பொன்னி குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புதன்கெழம திண்டிவனம் ஆசுபத்திரியில வுடறாங்க" என்றாள் ராஜாமணி. "நானும் வர்றேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்துடு."

"வர்றேன் அக்கா."

புதன்கிழமை ராஜாமணி புளியமரத்தடியில் நின்றாள். பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. பிறகு கீழத்தெரு வழியாக வந்த அஞ்சம்மாள் என்ற கிழவி, பெரியதம்பி பெண்டாட்டியை அடித்துவிட்டான் என்றாள். தலைவர் ஊர் ஊராக வேண்டாமென்று பேசுகிறார், அவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் வீட்டிலேயே போட்டால் என் மானம் என்ன ஆவது என்று கேட்டானாம். அவங்கவங்க இஷ்டம் என்பது கீழத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியதம்பியின் இஷ்டம் என்று ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பொன்னி இந்தப் பக்கம் வரவில்லை. ராஜாமணி ஒருமுறை கீழத்தெருவுக்குப் போனாள். பெரியதம்பி வாசலில் நின்று, "வாங்கம்மா, தலைவரு சௌக்கியமா?" என்று மரியாதையாகக் கேட்டு, மரியாதையாகவே வாசலோடு அனுப்பிவிட்டான்.

தாண்டவராயன் ஜெயித்தார். மாலைகளின் மல்லிகை வாசம் மூன்று நாள் கூடத்தில் நின்று அழுகியது. யார் யாரோ வந்து காலில் விழுந்தார்கள். அவர் தோள்களைப் பிடித்துத் தூக்கிவிட்டார். காலில் விழுகிறவனை முழுசாக விழவிட்டுப் பிறகு தூக்குவதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஜீப் வந்தது. அவர் அதில் முன்சீட்டில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி போகப் பழகினார். ஊசியைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது வேலையை முடித்துவிட்டது.

ஆவணி மழையில் காய்ச்சல் வந்தது. எந்தக் குழந்தைக்கும் மழைக்காலத்தில் வருகிற காய்ச்சல்தான் என்றார்கள். பொன்னியின் குழந்தைக்கு மூன்றாம் நாள் விட்டது. விட்ட காலையில் அவள் குழந்தையைத் தூக்கி நிறுத்தினாள். அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த குழந்தை. இடது கால் நின்றது. வலது கால் நிற்கவில்லை.

பெரியதம்பி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தலைவர் வீட்டுக்குத்தான் ஓடி வந்தான். பொன்னி பின்னால் வந்தாள். தாண்டவராயன் அன்று மிகவும் நல்ல மனிதராக இருந்தார். ஜீப்பைக் கொடுத்தார், விழுப்புரம் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்களுக்குச் சொல்லியனுப்பினார், "நான் இருக்கறேன், பேஜாராவாத" என்று பெரியதம்பியின் முதுகைத் தடவினார். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கதவருகில் நின்ற ராஜாமணி அந்தக் கும்பிடைப் பார்த்தாள். அதை வாங்கிக்கொண்ட முகத்தையும் பார்த்தாள். அதில் குற்ற உணர்வின் நிழலையாவது காண முடியுமா என்று தேடினாள். நல்லது செய்தவனின் நிறைவு மட்டும்தான் அங்கே இருந்தது. பொன்னி யாரையும் கும்பிடவில்லை. ராஜாமணியைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்று அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

அந்த மழையில் ஒன்றியத்தில் இன்னும் சில குழந்தைகளுக்குக் கால் போயிற்று. பத்திரிகையில் வந்தது. கடலூரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பெரிய முகாம் நடத்த வேண்டும், அமைச்சர் ஒருவர் வருகிறார், ஒன்றியத் தலைவர் முன்னின்று ஜனங்களைத் திரட்ட வேண்டும் என்றார்கள். தாண்டவராயன் முன்னின்றார். அவர் முன்னிற்கத் தெரிந்தவர். ஒரே வாரத்தில் ஒன்றியத்தின் எல்லாச் சுவர்களிலும் 'சொட்டு மருந்து கொடுப்போம், சந்ததியைக் காப்போம்' என்று எழுதப்பட்டது. அதற்கும் சுண்ணாம்பு அடித்தவன் பெரியதம்பிதான். தோற்றுப்போன சீனுவாசன் இதைக் கேட்டதும், ஜனங்களைக் கட்டாயப்படுத்துவது அராஜகம், தனி மனிதனுக்கு என்று ஓர் உரிமை இல்லையா என்று திண்டிவனத்தில் கூட்டம் போட்டுப் பேசினார். இரண்டு பேரும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. இரண்டு பேருக்கும் அளவு சரியாகவே பொருந்தியது. டீக்கடை பெஞ்சுகளிலும் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்து அதே சத்தத்தில் பேசினார்கள்.

முகாமுக்கு முதல் நாள் மத்தியானம் தாண்டவராயன் மகளின் மேஜைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"நாளைக்கு நீயும் மேடைக்கு வரணும்மா."

ராஜாமணி தாளை உருளையிலிருந்து உருவினாள்.

"பேச வேணாம். ஒரு ஓரமா உக்காந்திரு. நான் பேசறப்ப, மருந்து இல்லாத காலத்துல என் மவளுக்கு வந்த கதி உங்க புள்ளைங்களுக்கு வர வேணாம்னு சொல்லுவேன். அப்ப எழுந்து நாலு அடி நடந்தா போதும். பொடவைய மட்டும் கொஞ்சம் ஏத்திக் கட்டிக்கோ. ஜனங்களுக்குத் தெரியணுமில்ல."

உள்ளே அம்சாவின் கையிலிருந்து பாத்திரம் ஏதோ விழுந்தது, அல்லது போடப்பட்டது.

"போன வாட்டி ஊசியால போச்சுன்னீங்க" என்றாள் ராஜாமணி.

"அது அப்ப. அப்ப இருந்த நெலம வேற."

"காலு ஒண்ணுதானே நைனா?"

தாண்டவராயனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அவளுக்கு அவர் மேல் கொஞ்சம் மதிப்பாவது மிஞ்சியிருக்கும். அவர் பொறுமையாக, வாக்காளரிடம் பேசுவதுபோலப் பேசினார். இது நல்ல காரியம். போன முறை நடந்ததை விடு. இப்போது உன்னைப் பார்த்து நூறு தாய்மார்கள் வரிசையில் நின்றால் உனக்கும் புண்ணியம்தானே. அமைச்சரிடம் உனக்கு ஒரு வேலைக்கும் சொல்லலாம், ஊனமுற்றோருக்கு ஒதுக்கீடு இருக்கிறது. அவர் சொன்னதில் பாதி உண்மையும்கூட. தன்னைப் பார்த்து நாலு பேர் வருவார்கள் என்றால் போகத்தானே வேண்டும் என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. பொன்னி வந்தபோது தானே தூக்கிக் காட்டிய கால்தானே. ஆனால் அவர் பார்வை அப்போது அவள் முகத்தில் இல்லை. மேடையில் எந்தப் பக்கம் உட்கார வைத்தால் கூட்டத்துக்குத் தெரியும் என்று அளப்பதுபோல அவள் காலில் இருந்தது. அவங்கவங்க இஷ்டம் என்றீர்களே என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அந்தப் பதிலைக் கேட்க அவளுக்குச் சகிக்கவில்லை. அவள் புதுத் தாள் ஒன்றைச் செருகி அடிக்கத் தொடங்கினாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனார். எதையும் சம்மதமாக எடுத்துக்கொள்வதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ராஜாமணி தலைவாரிக்கொண்டு, எப்போதும்போலக் கணுக்கால் மறையப் புடவை கட்டிக்கொண்டு, பின்கட்டு வழியாக வெளியே போனாள். அம்சா பார்த்தாள், எங்கே என்று கேட்கவில்லை. சற்று நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கிய ஆள், தலைவர் ராஜாமணியைக் கூட்டி வரச் சொன்னதாகச் சொன்னான்.

"அவ இல்ல" என்றாள் அம்சா.

"எங்க போனாங்க?"

"ரெண்டு காலு இருக்குது அவளுக்கு. எங்கனா போயிருப்பா. போய் உங்க தலைவர்கிட்ட சொல்லு, வேணும்னா அவரையே நடந்து காட்டச் சொல்லு."

கீழத்தெருக் கோடியில் பொன்னியின் வீட்டுக்கு முன்னால் களத்தில் மல்லாட்டையை, தோல் உரிக்காத வேர்க்கடலையை, பரப்பி உலர்த்தியிருந்தார்கள். பொன்னி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியதம்பி பந்தலில் இருந்தான். ராஜாமணி சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். எண்ணெய் வழிந்த சின்னக் கால் பொன்னியின் விரல்களுக்குள் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

"எங்க மாமியா சொல்லுது, தேச்சிக்கினே இருந்தா வந்துடும்னு. வருமா அக்கா?"

"வராது."

பொன்னி தலையை ஆட்டினாள். கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஆனா நடப்பா" என்றாள் ராஜாமணி. "புடிச்சினு நடப்பா. ஆசுபத்திரியில செருப்பு மாதிரி, கம்பி வெச்சி ஒண்ணு தருவாங்க. நான் உன்கூட வர்றேன். இந்த வாட்டி அவன் அடிச்சாலும் வா."

"அடிக்க மாட்டான். இப்பல்லாம் அவன் வூட்டுலயே படுக்கறதில்ல." பொன்னி குழந்தையைத் திருப்பி உட்கார வைத்தாள். "எப்படிப் புடிச்சினு நடப்பே? ஒரு தாட்டி நடந்து காட்டு அக்கா. நீ நடக்கறத நான் சரியா பாத்ததே இல்ல. பாக்கக் கூடாதுன்னு கண்ண திருப்பிக்குவேன்."

பள்ளிக்கூடப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. அமைச்சர் பேசி முடித்திருக்க வேண்டும். தாண்டவராயன் செந்தமிழில் தொடங்கி, சற்று நிறுத்தி, மூக்கை உறிஞ்சிவிட்டு, வீட்டுத் தமிழுக்கு இறங்கினார். "எனக்கு ஒரு மவ" என்றது குழாய்.

ராஜாமணி எழுந்தாள். புடவையைச் சேர்த்து முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வழி இல்லாததால் மல்லாட்டையின் மேலேயே காலை வைத்தாள். இடது பாதத்துக்குக் கீழே தோல்கள் நொறுங்கின. வலது பாதம் அவற்றை நொறுக்காமல் உரசித் தள்ளிக்கொண்டு போயிற்று. கை தொடையில் எந்த இடத்தில் அழுத்துகிறது, உடம்பு எப்போது சாய்கிறது, எப்போது நிமிர்கிறது என்று பொன்னி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பார்த்தபடியே குழந்தையின் வலது கையைப் பிடித்து அதன் தொடையின் மேல் வைத்து அழுத்தினாள். கை நழுவிற்று. மறுபடி வைத்தாள்.

"மெதுவா" என்றாள் பொன்னி. "இன்னொரு தாட்டி, மெதுவா."

ராஜாமணி களத்தின் ஓரத்தில் திரும்பினாள்.